புது கிராபிக்ஸ் கார்டு மாட்டிய பின் கம்ப்யூட்டர் கிளம்பாவிட்டால்

கிராபிக்ஸ் கார்டை மாற்றிய கம்ப்யூட்டர் கிளம்ப மறுப்பதில் நான்கு வகை உண்டு. பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காமல் இருப்பது, அல்லது ஒரு நொடி ஃபேன் சுற்றிவிட்டு நின்றுபோவது முதல் வகை. ஃபேன்கள் எல்லாம் ஒழுங்காகச் சுற்றியும் மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று மட்டும் வருவது இரண்டாவது. கம்பெனி லோகோ வந்து, அதைத் தாண்டி விண்டோஸ் வராமல் நிற்பது மூன்றாவது. விண்டோஸின் வட்டம் சுழலும்போதோ பாஸ்வேர்டு போட்ட பிறகோ திரை கறுத்துப்போவது நான்காவது. எந்த வகை என்று தெரிந்துவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முதல் வகைக்குப் பெரும்பாலும் கரண்ட் காரணம். இரண்டாவதற்கு இணைப்பும் பயாஸும், மூன்றாவதற்கு டிஸ்க்கும் பூட் முறையும், நான்காவதற்கு டிரைவரும் காரணமாக இருக்கும். கார்டே பழுதாக இருந்தால் இந்த நான்கில் எதுவும் வரலாம். ஆனாலும் புதுக் கார்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும்.

பரவை, விளாங்குடி, சமயநல்லூர் என்று மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையோரம் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும் இடங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோ, வீடியோ எடிட்டிங், பிளக்ஸ் டிசைன், கல்லூரிப் பிள்ளைகளின் அனிமேஷன் படிப்பு, வீட்டில் கேம். மெஷினும் பெரும்பாலும் ஒரே ரகம்: ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில் ஓடி முடித்து, செகண்ட் ஹேண்டில் வந்து சேர்ந்த டெல், எச்பி, லெனோவோ பெட்டி. கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும் நல்ல மெஷின்கள் அவை. ஆனால் கணக்கு எழுதவும் கடிதம் அடிக்கவும் அளந்து செய்யப்பட்டவை. உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். இந்த அத்தியாயத்தில் கரண்ட் பற்றிய பகுதி நீளமாக இருப்பது அதனால்தான்.

பழைய நிலைக்குத் திரும்பிப் பார்த்தல்

முதல் வேலை, புதுக் கார்டைக் கழற்றிவிட்டு மெஷினைப் பழையபடி ஓட்டிப் பார்ப்பது. பழைய கார்டு இருந்தால் அதை மாட்டலாம். இல்லையென்றால் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் பின்பக்கத்திலேயே செருகலாம். அப்படிக் கிளம்பினால் மதர்போர்டு, ராம், டிஸ்க் எல்லாம் நலம். பிரச்சினை புதுக் கார்டுக்கும் மெஷினுக்கும் இடையில் மட்டும். பழைய நிலையிலும் கிளம்பவில்லை என்றால், கார்டை மாட்டும்போது வேறு ஏதோ அசைந்திருக்கிறது என்று பொருள். நீளமான கார்டை ஸ்லாட்டில் அழுத்தும்போது பக்கத்தில் இருக்கும் ராம் ஒரு முனையில் எழும்பிவிடுவதும், ஹார்டு டிஸ்க் கேபிள் இழுபட்டு நழுவுவதும் அடிக்கடி நடப்பவை.

இந்தச் சோதனை எல்லா மெஷினிலும் முடியாது. இன்டெல் பிராசஸர் பெயரின் முடிவில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக ஐ5 12400எஃப், அதற்குள் டிஸ்பிளே வசதி கிடையாது. ஏஎம்டி ரைசன் 5 3600, 5600 ஆகியவற்றிலும் கிடையாது. அந்த மெஷின்களில் மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் எவ்வளவு நேரம் செருகி வைத்தாலும் படம் வராது. யாரிடமாவது ஜிடி 710 போன்ற சின்னக் கார்டு ஒன்றை இரவல் வாங்கித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்ய வேண்டும். கேபிளையும் மாற்றி, ராமையும் இடம் மாற்றி, பயாஸையும் திருத்திவிட்டு மெஷின் கிளம்பினால் எதனால் கிளம்பியது என்று தெரியாமலே போகும். அடுத்த வாரம் அதே பழுது வரும்போது மறுபடி ஆரம்பத்திலிருந்து தேட வேண்டும். கழற்றும் முன் போனில் நாலு படம் எடுத்துக்கொள்வது நல்லது; எந்த ஒயர் எங்கே இருந்தது என்பது அதில் இருக்கும்.

கழற்றும் முறையும் முக்கியம். ஷட்டவுன் செய்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பின் பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய கரண்ட் வடியும். கையால் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டைத் தொட வேண்டும். ஸ்லாட்டின் வால் பக்கத்தில் இருக்கும் சிறு கிளிப்பை அழுத்தித் திறக்காமல் கார்டை இழுக்கக் கூடாது. இழுத்தால் ஸ்லாட்டே மதர்போர்டிலிருந்து பெயர்ந்து வரும் அபாயம் உண்டு.

கரண்ட்

ஒரு கார்டுக்கு ஸ்லாட் வழியாகக் கிடைப்பது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். 6 பின் ஒயர் இன்னும் 75 வாட்டும் 8 பின் ஒயர் 150 வாட்டும் தரும். இந்தக் கணக்கை வைத்துக் கார்டுகளைப் பார்த்தால் ஜிடி 1030க்கு 30 வாட், ஜிடிஎக்ஸ் 1050 டிஐக்கு 75, ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி மாடலுக்கு 70. இவை பொதுவாக ஸ்லாட் கரண்டிலேயே ஓடும். ஜிடிஎக்ஸ் 1650உம் 75 வாட்தான் என்றாலும் சில கம்பெனிகள் அதில் 6 பின் வைத்து விற்கின்றன. வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட், 3050இன் 8 ஜிபி மாடலுக்கு 130, ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170. இந்த மூன்றுக்கும் என்விடியா சொல்லும் எஸ்எம்பிஎஸ் அளவு 550 வாட்.

இப்போது செகண்ட் ஹேண்ட் பெட்டிக்கு வரலாம். டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010இன் சிறிய பெட்டியில் இருப்பது 240 வாட், மினி டவரில் 275. ஆப்டிபிளெக்ஸ் 9020 மினி டவரில் 290. இவற்றில் கார்டுக்கான 6 பின், 8 பின் ஒயர் பொதுவாக வருவதே இல்லை. ஆகவே இந்தப் பெட்டிகளுக்கு ஒயர் கேட்காத 75 வாட் கார்டுதான் வரம்பு. அதிலும் சிறிய பெட்டி என்றால் பாதி உயரக் கார்டு வேண்டும். முழு உயரக் கார்டை வைத்தால் மூடியே மூடாது. ஆல்பம் வேலைக்கும் சாதாரண எடிட்டிங்குக்கும் இந்த வரம்புக்குள் இருக்கும் கார்டு போதும். பெரிய கார்டு வேண்டுமென்றால் இந்தப் பெட்டியைத் திருத்துவதைவிட வேறு பெட்டி பார்ப்பது மலிவு.

எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். 7010 மினி டவரில் மாற்றலாம். அதன் மதர்போர்டில் இருப்பது கடையில் கிடைக்கும் வழக்கமான 24 பின் இணைப்பு. ஆனால் 3020, 9020 மாடல்களில் மெயின் இணைப்பே 8 பின். லெனோவோ திங்க்சென்டர் சிலவற்றில் 14 பின் இருக்கும். 24 பின்னிலிருந்து இவற்றுக்கு மாற்றும் அடாப்டர் தனியாக விற்கிறது. மெஷினின் மாடல் எண்ணைச் சொல்லி, அதற்கென்றே உள்ளதை வாங்கினால் ஒழுங்காக ஓடும். ‘செருகினால் உட்காருகிறது’ என்பதை நம்பி வாங்கினால் மதர்போர்டு போகும்.

செருகினால் உட்காருவது என்பது 8 பின்னில் இன்னும் பெரிய சிக்கல். பிராசஸருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் தூரத்தில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பிராசஸர் ஒயர் நான்கும் நான்குமாகப் பிரியும். கார்டு ஒயர் ஆறும் இரண்டுமாகப் பிரியும். மஞ்சள், கறுப்பு என்று நிறம் பிரித்த ஒயராக இருந்தால் கிளிப் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும்: கிளிப் பக்கம் மஞ்சள் ஒயர்கள் வந்தால் அது பிராசஸருக்கு, கறுப்பு ஒயர்கள் வந்தால் கார்டுக்கு. அதாவது இரண்டிலும் பாசிட்டிவும் கிரவுண்டும் நேர்மாறு. துளைகளின் வடிவம் தவறானதை உள்ளே விடாது. அதையும் மீறி அழுத்தி நுழைத்துவிட்டால், பட்டனைத் தொட்டதும் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஒரு நொடி ஃபேன் அசைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படி அணைந்த எஸ்எம்பிஎஸ், ஒயரைச் சரிசெய்த பிறகும் உடனே எழாது. பிளக்கைப் பிடுங்கி அரை நிமிடம் விட்டால்தான் மறுபடி எழும். ஒயர் திருத்தியும் ஓடவில்லையே என்று பதறுகிறவர்கள் இந்த அரை நிமிடத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒயர்கள் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றி மாட்டும் ரகமாக இருந்தால், அந்த எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த ஒயரைத் தவிர வேறு எதையும் செருகக் கூடாது. கார்டு பக்க முனை எல்லா கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்க முனை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரிலிருந்து 6 பின்னாக மாற்றும் அடாப்டரும் கடைகளில் தொங்குகிறது. சாட்டா முனை தாங்குவது சுமார் 54 வாட், 6 பின் கேட்கக்கூடியது 75. மெஷின் கிளம்பும்; எடிட்டிங் ஓடும்போது முனை சூடாகி உருகும். அதை வாங்கவே வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் எழுதிய வாட்டை முழுதாக நம்ப முடியாது. லேபிளில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். கார்டும் பிராசஸரும் குடிப்பது அதிலிருந்துதான். அந்த ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்கினால் உண்மையான பலம் தெரியும். வெளியே ‘450 வாட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் மட்டும் எழுதியிருந்தால், கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்துப் பயன்படும் பலம் 192 வாட்தான். மல்டிமீட்டர் கையில் இருந்தால் மெஷின் ஓடும்போது மஞ்சள் ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் இடையே பார்க்கலாம்: 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது, 12.6க்கு மேலே ஏறக் கூடாது.

சுவரிலிருந்து எஸ்எம்பிஎஸ் வரையிலான வழியையும் பார்க்க வேண்டும். வீடுகளிலும் கடைகளிலும் பரவலாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ், வாட்டில் சொன்னால் சுமார் 360 வாட். மானிட்டர், மோடம், பிராசஸர், 170 வாட் கார்டு எல்லாம் சேர்ந்தால் அதன் வரம்பை நெருங்கிவிடும். பேட்டரி பழையதாக இருந்தால் அதுவரை கூடத் தாங்காது. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்; புதுக் கார்டு உள்ள மெஷின் அந்த நொடியில் அணையும் அல்லது ரீஸ்டார்ட் ஆகும். பார்க்கிறவருக்குக் கார்டு பழுது போலத் தெரியும். யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகி ஒரு முறை கிளப்பினால் இந்தச் சந்தேகம் தீரும். ஓடினால் மாற்ற வேண்டியது யுபிஎஸ்.

வீட்டு இன்வெர்ட்டரிலும் இதே கதை உண்டு. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது சதுர அலை. இப்போதைய தரமான எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற அமைப்பு இருக்கிறது. அது எதிர்பார்ப்பது மெயின் லைனில் வருவது போன்ற சைன் அலை. சதுர அலை கிடைத்தால் சில எஸ்எம்பிஎஸ் உறுமும், சில கிளம்பாது, சில லைன் மாறும் நேரத்தில் அணையும். பழைய மலிவு எஸ்எம்பிஎஸ் ஓடிய அதே இன்வெர்ட்டரில் புது எஸ்எம்பிஎஸ் ஓட மறுப்பது இதனால்தான். வாங்கிய பொருள் மட்டம் என்று திருப்பிக் கொடுக்கும் முன் மெயின் லைனில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எர்த்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதி முடியாது. பழைய கட்டடங்களில் மூன்று துளை பிளக் இருக்கும், மேல் துளைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. எர்த் இல்லாத பெட்டியின் இரும்பில் விரல் பட்டால் சுரீர் என்று எறும்பு கடித்தது போல இருக்கும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்த கெபாசிட்டர்கள் மெயின் வோல்டேஜில் பாதியளவை, அதாவது 115 வோல்ட் வாக்கில், பெட்டிக்குக் கொண்டுவருவதுதான் காரணம். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் மெஷினும் மானிட்டரும் ஆன் ஆகியிருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால், அந்த வோல்டேஜ் கேபிள் வழியாகக் கடக்கும் ஒரு கணத்தில் புதுக் கார்டின் போர்ட் போய்விடக்கூடும். ஆகவே மானிட்டர் கேபிளை மாட்டும்போது இரண்டின் பிளக்கும் வெளியே இருக்க வேண்டும். எர்த் போடும் செலவு எந்தக் கார்டின் விலையையும்விடக் குறைவு. கார்டுக்குக் காசு சேர்க்கும் முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.

ஃபேன் சுற்றுகிறது, படம் இல்லை

இங்கே முதலில் பார்க்க வேண்டியது மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்பதை. பல வருடம் மதர்போர்டில் செருகிப் பழகிய கை, புதுக் கார்டு மாட்டிய பிறகும் அங்கேயே செருகும். கார்டு உள்ளே வந்ததும் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்த டிஸ்பிளேயை நிறுத்திவிடுகின்றன. கேபிள் கார்டின் போர்ட்டில் இருக்க வேண்டும். மானிட்டரின் மெனுவில் எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் என்று எதைத் தேர்ந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டருக்குப் புதுக் கார்டிலிருந்து படம் கொண்டுபோக உள்ளே சிப் உள்ள மாற்றி தேவை. வெறும் கேபிளில் வராது.

அடுத்தது கார்டு உட்கார்ந்திருக்கும் விதம். ஸ்லாட்டில் முழுதாக இறங்கினால் வால் பக்கக் கிளிப் ‘டிக்’ என்று பூட்டும். பெட்டியின் பின்பக்க இரும்பில் கார்டின் தகடு இடித்தால் முன்பக்கம் இறங்கியும் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். தங்க நிறக் கோடு ஒரு ஓரம் மட்டும் வெளியே தெரிந்தால் அதுதான் விஷயம். ஸ்க்ரூவை முறுக்கும்போது கார்டு மேலே எழும்புவதும் உண்டு. சாலையோரக் கடைகளின் பழைய பெட்டிகளில் ஸ்லாட்டுக்குள் தூசி படிந்திருக்கும். இத்தனை வருடம் காலியாக இருந்த ஸ்லாட் அது. ஊதக் கூடாது, எச்சில் ஈரம் போகும்; மென்மையான பிரஷ்ஷோ புளோயரோ போதும். கார்டின் தங்கப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைக்கும் கடைக்காரர் வழக்கம் பழைய கார்டுக்கு நல்ல பலன் தரும்.

கார்டில் 6 பின், 8 பின் துளை இருந்தும் ஒயர் செருகாமல் விட்டிருந்தால் ஃபேன் சுற்றும், படம் வராது. ஆனால் என்விடியா கார்டுகள் பலவற்றில் பவர் கேபிளைச் செருகச் சொல்லும் ஓர் ஆங்கில வரி திரையில் வரும். இரண்டு துளை இருந்தால் இரண்டிலும் செருக வேண்டும்.

மதர்போர்டு தானே பேசும் மொழியும் உண்டு. அசூஸ், எம்எஸ்ஐ போன்றவற்றின் பல மாடல்களில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது எரிந்தபடி நிற்கிறதோ அந்த இடத்தில் கிளம்புதல் நின்றிருக்கிறது. டிராம் விளக்கு என்றால் ராமைக் கழற்றி மாட்டினாலே பெரும்பாலும் சரியாகும். விளக்கு இல்லாத போர்டில் ஸ்பீக்கர் பின் இருந்தால் சில ரூபாய் பெறும் சின்ன பஸ்ஸர் ஒன்றை அதில் மாட்டிக் கேட்கலாம். ஒரு நீள பீப்பும் அதைத் தொடர்ந்து இரண்டு அல்லது மூன்று குறு பீப்பும் பழைய போர்டுகளில் கார்டைக் குறிப்பவை. டெல் பெட்டிகள் பவர் பட்டன் விளக்கின் நிறத்தாலும் மின்னும் எண்ணிக்கையாலும் சொல்லும்; அதன் அர்த்தம் அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் படமில்லை என்றால் பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரலாம். பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் இருக்கும் பட்டன் வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து மாட்டினால் போதும். பழைய பெட்டியில் அந்தப் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். 3 வோல்ட்டுக்கு நிறையக் குறைந்திருந்தால் புதிதாகப் போட வேண்டும். டிடிஆர்5 ராம் உள்ள புது மெஷின்களில் பயாஸை அழித்த பின் முதல் முறை கிளம்ப சில நிமிடம் ஆகும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், பட்டனைத் தொடாமல் காத்திருக்க வேண்டும்.

மெஷினின் வயதும் கார்டின் வயதும் ஒத்துப்போகாததும் ஒரு காரணம். 2012இல் விண்டோஸ் 8 வந்ததை ஒட்டி யுஇஎஃப்ஐ முறை பரவியது. அதற்கு முந்தைய மதர்போர்டுகள் பெரும்பாலும் பழைய பயாஸில் ஓடுகின்றன. இப்போதைய கார்டுகள் யுஇஎஃப்ஐயை எதிர்பார்க்கின்றன. ஆகவே பழைய போர்டில் புதுக் கார்டு படம் காட்டாமல் போகலாம். எதிர்த்திசையிலும் நடக்கும்: புதுப் போர்டில், பழைய பயாஸ் முறைக்கு இடம் தரும் சிஎஸ்எம் என்ற அமைப்பு அணைந்திருந்தால் மிகப் பழைய கார்டு வேலை செய்யாது. போர்டு கம்பெனியின் தளத்தில் புதிய பயாஸ் இருந்தால், புதுக் கார்டைக் கழற்றிவிட்டு, பழைய டிஸ்பிளேயில் அதைப் போட்ட பின் மறுபடி மாட்டலாம். பயாஸ் ஏற்றும் நேரத்தில் கரண்ட் போனால் போர்டு போகும். கரண்ட் கட் அறிவித்திருக்கும் நாளில் அந்த வேலையைத் தொட வேண்டாம்.

டிஸ்பிளே போர்ட்டில் மட்டும் படம் வராமல், விண்டோஸ் வந்த பிறகு தெரிகிறது என்றால் கார்டின் ஃபர்ம்வேர் பழையது. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு என்விடியா 2018இல் இதற்கென ஒரு திருத்தம் வெளியிட்டது. எச்டிஎம்ஐயில் கிளப்பி அதைப் போட்டுக்கொள்ளலாம்.

லோகோ வருகிறது, விண்டோஸ் வரவில்லை

‘நோ பூட் டிவைஸ்’ என்று வந்தால் முதலில் சாட்டா கேபிள். நீளமான கார்டு சாட்டா முனைகளின் மேலேயே படுத்துக்கொள்ளும் போர்டுகள் உண்டு. சில போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டில் கார்டு வைத்தால் எம்.2 எஸ்எஸ்டியின் பாதை பறிபோகும். கார்டை பிராசஸருக்கு அருகில் இருக்கும் முதல் நீள ஸ்லாட்டில்தான் வைக்க வேண்டும்.

கேபிள் சரியென்றால் பூட் முறை. கார்டுக்காக பயாஸில் சிஎஸ்எம்மை அணைத்திருந்தாலோ, பயாஸை அழித்தபோது அது மாறியிருந்தாலோ, பழைய எம்பிஆர் முறையில் போட்ட விண்டோஸ் டிஸ்க் கண்ணுக்கே தெரியாது. சிஎஸ்எம்மை மறுபடி ஆன் செய்தால் வந்துவிடும். நிரந்தரமாக மாற்ற வேண்டுமென்றால், விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி ஃபைல்களை அழிக்காமல் மாற்றித் தரும். ஆனாலும் கல்யாண வீட்டாரின் படங்கள் இருக்கும் டிஸ்க்கில் நகல் எடுக்காமல் அதை ஓட்டக் கூடாது. ஒரு முகூர்த்தத்தை இன்னொரு முறை படமெடுக்க முடியாது.

நீலத் திரையில் பிட்லாக்கர் சாவி கேட்பது வேறு விஷயம். பயாஸில் செக்யூர் பூட், டிபிஎம் போன்றவற்றைத் தொட்டால் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க எண்ணைக் கேட்கும். மெஷினைப் பதிந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போன் வழியாக நுழைந்தால் அது கிடைக்கலாம். கார்டு மாற்றும் முன்பே அதை எழுதி வைத்துக்கொண்டால் இந்த அலைச்சல் இல்லை.

டிரைவர்

வட்டம் சுழன்ற பின் கறுத்த திரை, பழைய கார்டின் டிரைவரும் புதுக் கார்டின் டிரைவரும் மோதுவதன் அடையாளம். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்கோ என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ மாறும்போது இது அதிகம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டிஸ்பிளே டிரைவர் மறுபடி எழும். பீப் சத்தத்தோடு படம் வந்தால் நல்லது. வராவிட்டால், லோகோ வரும் நேரத்தில் இரண்டு மூன்று முறை பவரை அணைத்தால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் மெனுவுக்குப் போகும். அங்கே ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 4ஆம் எண் சேஃப் மோடு. அதற்குள் போய் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரின் மிச்சம் மீதி எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிய நிலையில் ரீஸ்டார்ட் செய்து, முன்பே இறக்கி வைத்த சரியான டிரைவரைப் போட வேண்டும். இன்டர்நெட் இருந்தால் விண்டோஸ் அப்டேட் குறுக்கே புகுந்து தன்னிடம் இருக்கும் டிரைவரைப் போட்டுவிடும்.

சரியான டிரைவர் என்பதற்கு விண்டோஸும் ஒத்துவர வேண்டும். 32 பிட் விண்டோஸுக்கு என்விடியா 390 வரிசையோடு நிறுத்திக்கொண்டது. செகண்ட் ஹேண்ட் பெட்டியோடு வந்த 32 பிட் விண்டோஸ் 7இல் இப்போதைய கார்டு எதுவும் முழுதாக வேலை செய்யாது. ஜிடி 710 போன்ற கெப்ளர் காலக் கார்டுக்கு 470 வரிசையே கடைசி. அதற்குப் புதிய டிரைவரைத் தேடிப் போடுவது வீண்.

உபுண்டு, பாஸ் போன்ற லினக்ஸ் மெஷினில் திரை கறுத்தால், கிளம்பும் மெனுவில் ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து, எஃப்10ஐ அழுத்தினால் சாதாரணத் திரையாவது வரும். உள்ளே போன பின் கம்பெனி டிரைவரைப் போடலாம்.

சில நேரம் மட்டும் கிளம்புவது

காலையில் கிளம்பி மத்தியானம் மறுக்கும் மெஷின், அல்லது இரண்டாவது அழுத்தலில்தான் எழும் மெஷின், எஸ்எம்பிஎஸ் களைத்துவிட்டதைக் காட்டுகிறது. சித்திரை, வைகாசியில் மதுரைச் சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக் கடைக்குள் இன்னும் அதிகம். முகூர்த்த வேலை நெருக்குவதும் அந்த மாதங்களில்தான். பழைய பெட்டிகளில் காற்று போகப் பெரும்பாலும் ஒரே ஒரு ஃபேன்தான் இருக்கும். புதுக் கார்டின் சூடு அதற்குக் கணக்கில் இல்லாதது. பக்க மூடியைத் திறந்து வைத்து ஓடுகிறதா என்று பார்த்தால் சூடுதான் காரணமா என்பது தெரிந்துவிடும். தெரிந்த பின் ஃபேனைக் கூட்ட வேண்டும். மூடியைத் திறந்தே ஓட்டினால் தூசியும் பல்லியும் உள்ளே போகும்.

செகண்ட் ஹேண்ட் கார்டில் இந்தத் தடுமாற்றம் கார்டிலேயே இருக்கலாம். லோகோ திரையிலேயே கோடு கோடாகவோ கட்டம் கட்டமாகவோ புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் கார்டின் மெமரி போய்விட்டது. டிரைவர் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. சூடாக்கி ‘ரீபால்’ செய்து தருவதாகச் சொல்பவர்கள் உண்டு. சூடு காட்டி எழுப்பிய கார்டு நீண்ட நாள் நிற்பது அரிது. செகண்ட் ஹேண்ட் கார்டை வாங்கும் இடத்திலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கிளம்பாவிட்டால் கடைசிச் சோதனை இரண்டு. கார்டை, பலமான எஸ்எம்பிஎஸ் உள்ள இன்னொரு மெஷினில் மாட்டிப் பார்ப்பது. நன்றாக ஓடும் இன்னொரு கார்டை இந்த மெஷினில் மாட்டிப் பார்ப்பது. கார்டு அங்கேயும் ஓடவில்லை என்றால் பழுது கார்டில்தான். சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ ஆன்லைனிலோ வாங்கியதாக இருந்தால் பில், பெட்டி, சீரியல் நம்பர் ஸ்டிக்கர் மூன்றும் வாரன்டிக்கு வேண்டும். ஸ்டிக்கரைக் கிழித்து உள்ளே திறந்தால் வாரன்டி கேட்பது கடினமாகிவிடும். கார்டு அங்கே ஓடி, வேறு கார்டும் இங்கே ஓடினால் இரண்டுக்கும் பொருத்தம்தான் இல்லை. மெஷினுக்கு ஏற்ற கார்டாக மாற்றிக்கொள்ளலாம். எந்தக் கார்டும் இங்கே ஓடாவிட்டால் ஸ்லாட் அல்லது எஸ்எம்பிஎஸ். அப்போது சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகும்போது மெஷினின் மாடல், எஸ்எம்பிஎஸ் லேபிளின் போட்டோ, கார்டின் பெயர், எந்த விளக்கு எரிந்து நின்றது, யுபிஎஸ் இல்லாமல் ஓட்டிப் பார்த்தாயிற்றா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், கடைக்காரர் அதே சோதனைகளை மறுபடி செய்து நாளைப் போக்க வேண்டியிருக்காது.